மணிக்கட்டு

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு
கருவியின் வாரை மாட்டிக்கொள்கிறாள் இந்துவதனி.
முதல் வாரம் மின்விசிறியில் வாங்கிய அடி
என் விரல் முட்டியில் இன்னும் கருநீலம்.

நான் தோள் முழுக்கச் சுழற்றுகிறேன்,
மழை வருமுன் கொடியில் துணி உருவுபவனைப் போல.
திரையில் என் ஆள்
காற்றை அடித்துவிட்டுத் தலையைச் சொறிகிறான்.
அவள் சிரிப்பதில்லை. அதுதான் எரிச்சல்.

பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு ரொஹானி அக்கா
துடைப்பக் கட்டையால் எங்கள் தரையைக் குத்தினார்.
மூன்று குத்து.

அதற்குப் பிறகு திருடர்களைப் போல ஆடினோம்.
வெறுங்கால் பெயரவில்லை. மூச்சும் பாதிதான்.
பந்து வந்தது.
தினமும் பாலத்தில் மோட்டாரை முறுக்குவேனே,
லாரியை முந்த,
அந்த அளவு, மணிக்கட்டை மட்டும்.
பந்து கோட்டை முத்தமிட்டு ஓடிப்போனது.

"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்லா."

மூன்று வாரம் ஒரு முழுக்கையை
வீணாக வீசியிருக்கிறேன்.
அந்த ஆட்டத்திலும் தோற்றேன், பதினொன்றரைக்கு,
சத்தமில்லாமல்.

காலையில் லிஃப்டில் ரொஹானி அக்கா
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்:
"ராத்திரி திடீரென்று அடங்கிப்போனீர்களே,
சண்டையா?"