காணவில்லை

"பணி காணவில்லை" என்றது திரை,
இரவு ஒன்று பதினெட்டுக்கு.
நிறம், உயரம்,
கடைசியாக உடுத்தியிருந்த சட்டை
ஒரு தகவலும் இல்லை.
கண்டுபிடித்தால் தெரிவிக்க
ஓர் எண் மட்டும் உண்டு.
அது என்னுடையது.

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே கார் உறைந்துவிடாமலிருக்க
சுவரில் ஒயர் குத்தி வைத்திருக்கிறேன்.
உள்ளே நான் சார்ஜரில்.
நகரத்தின் தண்ணீர் பில்லில்
ஒரு புள்ளி இடம் தவறி நிற்கிறது.
அதை ஓர் இலக்கம் நகர்த்த வேண்டும்.
ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள்.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
உரிமை இருக்கிறதா? இருக்கிறது.
வேறொருவர் பெயரில் நுழைந்தேன்,
அவருக்கும் காணவில்லை.
கேச்சைக் கழுவிக் கவிழ்த்தேன்.
"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயா?"
ஹெட்செட்டுக்குள் நூடுல்ஸ் மென்றபடி ரெனாட்டோ.
எந்த மொழியில் கேட்டாலும் இதற்கு அர்த்தம்
எனக்கும் தெரியாது என்பது.

சோதனைச் சூழல், பச்சை.
தர உறுதி, பச்சை.
ஒப்புதல்கள் பதினொன்றும் பச்சை.
ஆயிரத்து நானூறு வரி லாகை
மாடு மாதிரி மேய்ந்துகொண்டே போனேன்.
சிவப்பாக ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால்
அதன் கழுத்தைப் பிடித்திருக்கலாம்.

இரண்டு நாற்பதுக்கு
இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.
பணிப்பட்டியல் உருவானது நவம்பர் ஆறு.
புது சர்வர் வந்து சேர்ந்தது நவம்பர் ஒன்பது.

ரேஷன் கார்டு போட்ட பிறகு பிறந்த பிள்ளை.
வீட்டில் இருக்கிறது,
தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறது,
சர்க்கரை நிறுப்பவரைக் கேட்டால்
அப்படி ஒரு ஆளே இல்லை.

ஆக, எதுவும் காணாமல் போகவில்லை.
இருந்ததே இல்லை.
தொலைந்ததற்கும் பிறக்காததற்கும்
ஒரே வாக்கியம்தான் வைத்திருக்கிறது மென்பொருள்.

பட்டியலை அழித்துப் புதிதாக உருவாக்கலாம்.
ஆனால் மேலாளர் மறுபடி ஒப்ப வேண்டும்.
ஒக்ஸானாவை எழுப்பினேன்.
கரகரத்த குரலில் கேட்டாள்:
"இல்லாதது எது?"
கடைசிப் படி, என்றேன்.
உற்பத்திக்கு அனுப்பும் படி.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"அப்படியானால்
நாம் பதினோரு பேரும்
எதைப் படித்துக் கையெழுத்துப் போட்டோம்?"

நான் நான்காவது.
டிசம்பர் இரண்டு, மதியம் பன்னிரண்டு ஐந்து.
ஒரு கையில் சாண்ட்விச் இருந்திருக்கும்.

ரெனாட்டோ மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.
அவன் ஏழாவது.

புதுப் பட்டியல் வந்தது.
இந்த முறை ஒவ்வொரு வரியையும்
விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தேன்,
பக்கத்து அறையில் தூங்குகிறவரை மறந்து.
கடைசி வரி இருந்தது.
எவ்வளவு சாதாரணமாக இருந்தது.
அழுத்தினேன்.
நான்கு முப்பத்தேழு.
புள்ளி ஓர் இலக்கம் நகர்ந்தது.
தெருவில் பனி வழிக்கும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது,
அதற்கும் யாரோ பட்டியல் போட்டிருப்பார்கள்.

காலையில் காரை எடுத்தேன்.
முனையில் நின்று, இறங்கி,
பின்னால் பார்த்தேன்.
சுவரிலிருந்து பிடுங்க மறந்த ஒயர்
அறுந்து,
வாலைப் போல
பனியில் கோடு இழுத்துக்கொண்டே
வந்திருந்தது.