கிலோ முப்பத்தேழு

நேதாஜி மார்க்கெட்டில் பில் போடுவது நான்.
தகரக் கூரைக்கு மேல் வேலூர் வெயில்,
கீழே விசிறி இல்லை, வெங்காயம் உண்டு.
அன்றைக்குக் கிலோ முப்பத்தேழு.

மூன்று கிலோ: 111.
ஆறு கிலோ: 222.
ஒன்பதுக்கு 333 எழுதும்போது
பேனாவை ஒரு தடவை உதறிப் பார்த்தேன்.

தோட்டப்பாளையம் மெஸ் பிலோமினாக்கா
பன்னிரண்டு கிலோ நிறுத்தாள்.
"நாலு, நாலு, நாலா?
பில்லு போடுறியா, வண்டிக்கு
பேன்சி நம்பர் எடுக்கிறியா தம்பி?"
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். நம்பவில்லை.
சாக்கின் மேல் சாக்பீஸால்
பத்து கிலோ முந்நூற்று எழுபது,
ரெண்டு கிலோ எழுபத்து நாலு,
கூட்டிவிட்டுச் சாக்கையே பார்த்தாள்.
பேரம் பேச மறந்து போனாள் அன்றைக்கு.

ஹமீதா டீச்சர் மூன்று கிலோ வாங்கினார்.
பில்லைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று.
அப்புறம் வெங்காயத்தை விட்டுவிட்டு
கார்பன் தாள்களைக் கேட்டார்.
முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். கொடுத்தேன்.

வாரம் கழித்து வந்து சொன்னார்:
"எட்டாம் வகுப்புல ஒருத்தி, கடைசி பெஞ்சு.
காசைக் கூட்டினா கிலோ வருதுங்கிறா.
நாலும் நாலும் நாலும் பன்னிரண்டு."
மூன்றின் மடங்குக்கு மட்டும்தானே என்றேன்.
"பதினொரு கிலோ பில்லைப் பாருங்க."
407.
நாலும் ஏழும் பதினொன்று.
"நாலு கிலோ?"
148. கூட்டினால் பதின்மூன்று,
அதையும் கூட்டினால் நாலு.

தராசு சொன்ன எடையை
விலை தன் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறது,
பத்து வருஷமாய் எழுதுகிற நான்
ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் விலை நாற்பது.
மூன்று கிலோ 120. கூட்டினால் மூன்று, சரி.
நாலு கிலோ 160. கூட்டினால் ஏழு.
போச்சு.

மழை என்றார்கள், லாரி வரவில்லை என்றார்கள்,
நாற்பத்தாறுக்கு ஏறியது.
ஊரே திட்டியது. நான் மட்டும் திருட்டுத்தனமாய்க் கூட்டினேன்:
நாலு கிலோ 184, பதின்மூன்று, நாலு.
திரும்பி வந்துவிட்டது!

டீச்சரிடம் சொன்னால் சிரிக்கிறார்.
"அவ அன்னைக்கே எழுதிட்டா.
ஒம்பது ஒம்பதா ஏத்தினா வரும்.
அடுத்தது அம்பத்தஞ்சு."

பின்னால் நின்ற பிலோமினாக்கா
பையைக் கீழே வைத்தாள்.
"ஏத்துறதெல்லாம் இருக்கட்டும் டீச்சர்,
ஒம்பது ஒம்பதா எறக்கினாலும் வருமா?"

வரும், இருபத்தெட்டு.

"அந்தக் கணக்கை
மொதல்ல சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."