ராத்திரிக்கு மட்டும் ‘அட்’

காலைக்கு ‘இன்’. மாலைக்கும் ‘இன்’.
ராத்திரிக்கு மட்டும் ‘அட்’.
ஏன் என்று கேட்டேன்.
லோர்னாவுக்குத் தெரியவில்லை, சிரித்தாள்.
‘அட்’ ஒரு புள்ளி, டாய்வா.
‘இன்’ ஓர் அறை.

இந்த விதியைச் செய்தவன்
கிரிம்ஸ்பி மீன் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருக்க மாட்டான்.
பத்து மணிக்கு உள்ளே போனால்
ஆறு வரைக்கும் ஐஸ், ஹேடாக், ஐஸ்.
புள்ளியாம்.

புதன்கிழமை வகுப்பு, கேன்டீனில்,
ஷிஃப்டுக்கு முன் நாற்பது நிமிடம்.
வினிகர் புட்டியை நகர்த்திவிட்டுத் தாளை விரிப்போம்:
‘ஆல்வேஸை உரிய இடத்தில் வைக்கவும்.’
வினைக்கு முன்னால் வை.
‘இருக்கிறேன்’ வந்தால் மட்டும் பின்னால் வை.
லித்துவேனியனில் எங்கே விட்டாலும்
அது பாட்டுக்கு உட்கார்ந்துகொள்ளும்.
இங்கே நாற்காலிக்கு எண் உண்டு.

பக்கத்தில் ஸ்டோயன், காதில் பென்சில்.
எந்த வாக்கியம் கொடுத்தாலும்
‘நெவர்’ அவனுக்குக் கடைசியில்தான்.
ஐ ஈட் ஃபிஷ் நெவர்.
லோர்னா வட்டம் போட்டு அம்பு இழுப்பாள்.
அடுத்த வாரமும் இழுப்பாள்.

அதே ராத்திரி, மூன்று பத்து.
(பன்னிரண்டு தாண்டியதால் வியாழன்.
இங்கிலீஷில் அது காலை வேறு.)
காப்புத் தகடு சுவரோரம் சாய்ந்திருந்தது.
இயந்திரம் அவனுடைய இரண்டு விரல்களை
மீனென்று எடுத்துக்கொண்டது.

படிவம் வந்தது. நானே எழுதினேன்,
யாரையும் கேட்காமல். கொஞ்சம் பெருமைகூட.
மிஸ்டர் பிக்கரிங் படித்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
‘ஆன் மண்டே’ தகடு இல்லை. சரி,
திங்களன்று இல்லை.
வியாழனன்று இருந்திருக்கும், அப்படித்தானே?
பிறகு இது, ‘ஐ ஒன்லி சா’.
பார்க்கத்தான் செய்தாய். வேறெதுவும் தெரியாது.
கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.
நல்ல கனமான பேனா.

என் இங்கிலீஷ் மொத்தமும் அந்தத் தாளில்
மூன்று வரி.
‘ஆன்’ஐ அடித்தேன். ‘சின்ஸ்’ எழுதினேன்.
திங்களிலிருந்து. செவ்வாய். புதன்.
மூன்று பத்து வரைக்கும்.
‘ஒன்லி’க்கு வட்டம் போட்டு
லோர்னா மாதிரியே அம்பு இழுத்து
‘ஐ’க்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன்.
நான் மட்டும்தான் பார்த்தேன்.
அம்பு கோணலாகப் போயிற்று,
அவருடைய கோட்டைத் தாண்டி, ஓரத்தைத் தொட்டு.

‘சின்ஸ்’ வந்தால் வினையும் மாற வேண்டுமாம்,
லோர்னா அப்புறம் சொன்னாள்.
மாறாமல்தான் கிடக்கிறது, யாரோ ஒருவருடைய கோப்பில்.

ஞாயிறன்று ஆரஞ்சு வாங்கிப் போனேன்,
கட்டுப்போட்ட கையால் உரிக்க முடியாது என்பதை
வாசலில்தான் யோசித்தேன்.
நான் உரிக்க அவன் தின்றான்.
ஐ கம் பேக் அட் மார்ச், என்றான்.

மார்ச் ஓர் அறை, புள்ளி இல்லை.
சொல்லவில்லை.
இன்னொரு சுளை கொடுத்தேன்.