ஏழாவது கட்டம்

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, கச்சேரி மதிலோரம்
வேப்பமர நிழலுக்கு மாதம் ஒன்றரை ரூபாய்
கான்ஸ்டபிளிடம் வாடகை கட்டி
மிஷின் போட்டிருந்தேன்.
பழைய மிஷின். ஒரு எழுத்து மட்டும்
வரியை விட்டு எம்பிக் குதிக்கும்.

அறுபத்தைந்தில் ரங்கூன் கப்பல் வந்த நாட்களில்
வரிசை ஹார்பர் கேட் வரை போகும்.
பாரம் ஒன்றுக்கு நாலணா.
அழுதுகொண்டே சொன்னாலும் நாலணா.

பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில்
சடசடவென்று ஓடும் விரல்
ஏழாவது கட்டத்தில் நின்றுவிடும்:
இந்தியாவில் சொந்த ஊர்.

"தட்டோன்" என்றார் ஒருவர்.
அது அந்தப் பக்கம் ஐயா, என்றேன்.
"அந்தப் பக்கத்தில் எங்களை
இந்தப் பக்கம் என்றுதானே துரத்தினார்கள்?"

கட்டம் காலியாக இருந்தால் மனு தள்ளுபடி.

பெருமாயி வந்தாள். அங்கே அவள் பெயர் மா த்வே.
தோடு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்,
மிச்சத்தைச் சுங்கத்தில் கழற்றிக்கொண்டார்கள்.
"பாட்டன் ஊரில் ஒரு பாறை இருந்ததாம்" என்றாள்.
பாறை இல்லாத ஊர் எது?
பின்னால் இருந்தவன் சீக்கிரம் என்று முனகினான்.
இலுப்பக்கரை
என்று அடித்துக் கொடுத்தேன்.

என் ஊர்தான். எனக்கு அது இனி எதற்கு?

ஒன்று கொடுத்தால் நிற்குமா?
அவள் கொழுந்தன், பக்கத்துக் கூடாரத்து மரக்காயர்,
அப்பன் பெயரே சரியாகத் தெரியாத இரண்டு பையன்கள்.
எல்லோரும் ஒரே தெருவென்றால் சந்தேகம் வரும் என்று
வடக்குத் தெரு, கிணற்றடி, வண்டிப்பேட்டை என்று பிரித்தேன்.
எங்கள் ஆட்கள் செருப்போடு நடக்க முடியாத
மேலத்தெருவையும் தாராளமாக வழங்கினேன்.
அந்த மதியம் மட்டும்
டீயோடு ஒரு பன்னும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கார்த்திகைக்குள் நாற்பத்தொரு குடும்பம்.

டெபுடி தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார்.
மேசைமேல் தாலுகாவிலிருந்து வந்த பதில்:
மேற்படி கிராமம் இல்லை.
ஐம்பத்தேழில் அணைக்கு எடுக்கப்பட்டது.
"நாற்பத்தொரு குடும்பமும்
தண்ணீருக்கு அடியிலேயா பிறந்தது?"

சொல்லியிருக்கலாம்.
அணை திறந்த அன்று மைக் வைத்துச் சொன்னார்களே,
இது நாட்டுக்காகக் கொடுத்த ஊர் என்று.
கொடுத்ததை நாடு எங்கே வைத்திருக்கிறது என்று
கேட்டிருக்கலாம்.
"தப்புதாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.
"உன் மனுவில் ஏழாவது கட்டத்தில் என்ன?"
நான் மனுவே போட்டதில்லைங்க. இங்கேயே இருந்தவன்.
"அத்தாட்சி?"

சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும்
நஷ்டஈட்டு ரசீதை நீட்டினேன்.
இருநூற்றுப் பதினொரு ரூபாய்.
ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து பிழை.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஜன்னலில் எலெக்ட்ரிக் டிரெயின் ஒன்று போய் முடிந்தது.
பைலைக் கட்டிப் பரண்மேல் போடச் சொன்னார்.
தள்ளுபடி என்று எழுதவில்லை.
சரி என்றும் எழுதவில்லை.

எப்படிக் கிடைத்ததோ, யார் பரணில் ஏறினார்களோ.
அறுபத்தேழு தேர்தலில்
வியாசர்பாடி கார்ப்பரேஷன் பள்ளியின் முன்
மை வைத்த விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
பெருமாயி வெளியே வந்தாள்.
மற்றக் கையில் அத்தோ விற்கும் தூக்குச்சட்டி.

"புள்ளைங்க கேக்குதுங்க, ஊரு எப்படி இருக்கும்னு.
சொல்லுங்களேன்."

சொன்னேன். பாறை உண்டு.
ஆற்றுக்கு இறங்கினால் கிழக்கே
பெரிய இலுப்பை, அதற்கு அப்பால் கிணறு

"இல்லீங்க" என்று நடுவில் மறித்தாள்,
"இலுப்பை கெணத்துக்கு மேக்கால."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
கண்ணை மூடி நின்று பார்த்தேன்.
அவள் சொன்னதுதான் சரி.