கூச்சம்

சயான் ஸ்டேஷனுக்கு எதிரே,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.
என்ன செய்கிறது என்றார் டாக்டர் பெட்ணேகர்.

இருபது வருடம் இந்தியில் சண்டை போட்டிருக்கிறேன்,
மீன்காரியிடம், தண்ணீர் லாரிக்காரனிடம்,
டெபாசிட்டைத் திருப்பித் தராத வீட்டுக்காரனிடம்.
பல் கூசுகிறது என்பதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை.
தாந்த் ஷர்மாத்தா ஹை, என்றேன்.
பல் வெட்கப்படுகிறதாம்!
உதவிக்கு நின்ற பெண் முகமூடிக்குள் சிரித்தாள்.
யாரைப் பார்த்து, என்றார் டாக்டர்.

முதலில் ஐஸ் தண்ணீரைப் பார்த்து.
பிறகு டீயை.
பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு
யாரையும் பாராமலே விண்விண்ணென்று, காது வரைக்கும்.
பிறகு ஒரு புதன்கிழமை சட்டென்று நின்றுவிட்டது.
குணமாகிவிட்டதென்று
லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே
ஒரு பொட்டலம் வேர்க்கடலை முழுசாகத் தின்றேன்.
அடுத்த வாரம் கன்னம் வீங்கியது.

எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தார்.
வேர் நுனியில் கடுகளவு இருட்டு.
நின்றது வலி இல்லை, நரம்பு.
அது செத்த பிறகு உள்ளே கத்த ஆள் இல்லை.
சீழ் சத்தம் போடாமல்
எலும்பைத் தின்று இடம் பிடித்திருக்கிறது.

பிடுங்கிவிடுங்களேன், என்றேன்.
சுவர் நன்றாக இருக்கும்போது வீட்டை ஏன் இடிக்கணும்,
குழாயைக் கழுவி அடைத்தால் போதும் என்றார்.
இந்த ஊரில் எல்லாவற்றையும்
வீட்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

ஊசி. அரை முகம் யாருடையதோ ஆனது.
நீல ரப்பர்த் துணி நடுவே என் பல் மட்டும்
ஆதார் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.
மூன்று வழிகள். மூன்றாவது வளைந்தது,
அதைத் தேடவே முக்கால் மணி நேரம்.
முடி கனத்தில் கம்பிகள் இறங்கின,
நுனி நெருங்கியதும் கருவி பீப் பீப்பென்றது.
சாலில் படிக்கட்டு கழுவும் நாளின் பிளீச்சிங் வாசனை.
வெளியே வந்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்.
நூல்பிசிறு மாதிரி, பழுப்பாக.
இதுவா என்னை மூன்று ராத்திரி
சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடக்க விட்டது!

இன்னும் இரண்டு தடவை வரணும்.
ரூட் கனால் எட்டாயிரத்து ஐந்நூறு, மேலே போடும் தொப்பி தனி.

இனிமேல் கூசுமா டாக்டர்?
(இந்த முறை டண்டா, கரம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டேன்.)
கூசாது. அதற்கு ஒன்றும் தெரியாது.
மெல்லும், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது
உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.
நாக்கு போய்ப் போய்
அந்த இடத்துக் கிராம்புக் காரத்தைத் தடவி வந்தது.

ஜெபக்கனிக்கு ஆறாயிரம் கொடுத்தது
போன கிறிஸ்துமஸுக்கு முந்தி.
லிஃப்டில், கேன்டீன் வரிசையில்,
கேட்க வாயெடுத்து
சேலை நல்லாயிருக்கே என்று எத்தனை தடவை முடித்திருக்கிறேன்.

போனை எடுத்தேன்.
வாய் பாதி மரத்திருக்கிறது,
பேச்சு கொழகொழவென்று வரும்.
யக்கா, குடிச்சிருக்கியளா என்பாள்.
மணி போகிறது.