சேதம் பார்க்கிறவளின் அலமாரி

ஊரார் சேதத்துக்குத் தொகை எழுதுவது என் தொழில்.
மஞ்சக்குப்பத்தில், மாடி வாடகை வீட்டில்,
முப்பத்தொரு பீங்கான் மக் வைத்திருக்கிறேன்.
ஒன்றுக்கும் ஜோடி கிடையாது.

நெய்வேலியில் எரிந்த கேன்டீனில் மிஞ்சியது ஒன்று.
விளிம்பில் புகை இன்னும் இருக்கிறது, தேய்க்க மாட்டேன்.
வெள்ளம் வடிந்த பாத்திரக் கடையில்
சேற்றுக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டிருந்தது ஒன்று.
சேதராப்பட்டு வளைவில் லாரி கவிழ்ந்து
நானூற்றுச் சொச்சத்தில் முழுசாய் எழுந்தது ஒன்று.
எல்லாம் கணக்கு முடித்த பிறகு
காசு கொடுத்து வாங்கியவை.
ரசீது இருக்கிறது.

மஸ்தான் பாய்தான் பலகை அடித்தார்.
"கொக்கி போட்டு வரிசையா மாட்டிடலாம்மா, அழகா இருக்கும்."
வேண்டாம் பாய்.
மக்கின் காது தனியே செய்து ஒட்டியது.
ஒட்டிய இடத்தைப் பிடித்து நாள் முழுக்கத் தொங்கச் சொன்னால்
என்றைக்காவது விட்டுவிடும்.
உட்காரட்டும், அதனதன் அடியில்.

ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியதில்லை.
இரண்டுக்கு நடுவே ஒரு விரல் இடம்.
பதினெட்டு வருஷமாய் உடைந்ததையே பார்த்தவள் சொல்கிறேன்,
தானாய் விழுந்து உடைந்தவை கொஞ்சம்.
பக்கத்தில் இருந்தது இடித்து உடைந்தவைதான் நிறைய.
இதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது,
'காரணம்' என்ற கட்டம் அரை அங்குலம்.

இந்த ஊரில் காற்றுக்கே உப்பு.
சாதாத் திருகாணி ஆறு மாசத்தில் செம்மண் துப்பும்.
அதனால் எவர்சில்வர் திருகாணி,
பலகை ஓரத்தில் தடுப்புச் சட்டம்,
ஒவ்வொன்றின் அடியிலும் பட்டாணி அளவு மெழுகு.
சிப்காட் டேங்கர் தெருமுனையில் திரும்பும்போது
முப்பத்தொன்றும் முணுமுணுக்கும், நகராது.
மேற்கு ஜன்னல் வெயிலுக்கு எதிரே வைப்பதில்லை.
தெரியாத காலத்தில் வைத்த மஞ்சள் பூ
மோர் நிறத்துக்கு வந்துவிட்டது.

"டீ குடிக்கத்தானே மக்கு?" என்பார் அருள்செல்வம்,
எவர்சில்வர் டம்ளரை ஊதிக்கொண்டே.

கார்த்திகையில் துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏறியது.
கரண்ட் போகுமுன் எல்லாவற்றையும் இறக்கினேன்.
பழைய நைட்டி, சாக்ஸ், அவருடைய கல்யாண வேட்டி
கிடைத்ததில் சுற்றி அரிசி டிரம்மில் புதைத்தேன்.
கழுத்து வரை பொன்னி, உள்ளே முப்பது.
லாரி மக்குக்கு இடமில்லை.
மடியில் வைத்துக்கொண்டேன்.

இரவு முழுக்கத் தகரம் தகரமாய்த் தெரு பறந்தது.
எதிர்வீட்டுத் தொட்டி எங்கள் படியில் வந்து உட்கார்ந்தது.
விடியும்போது ஜன்னல் இல்லை,
பலகை மட்டும் சுவரில் அப்படியே.
மஸ்தான் பாய்க்கு ஒரு சலாம்.

குளிரில் விரல் விறைத்துக் கிடந்தது.
ஸ்டவ்வில் டீ கொதிக்க, எடுத்து அதில் ஊற்றினேன்,
கையிலேயே இருந்த மக்கில்.
டிக்.
விளிம்பிலிருந்து பாதம் வரை
ஒரு தலைமயிர் விழுந்த மாதிரி கோடு.

லாரி கவிழ்ந்த அன்றே உள்ளே இருந்திருக்கலாம்.
'முன்பே இருந்த குறை' என்று எழுதலாம்,
வழக்கமாய் அப்படித்தான் எழுதுவோம்.
'உரிமையாளரின் கவனக்குறைவு' என்றும் எழுதலாம்.
இரண்டுக்கும் தொகை ஒன்றுதான், பூஜ்யம்.
எத்தனை கடைக்காரர் முகத்துக்கு நேராக
இதைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு ஆபீசிலிருந்து போன்.
தேவனாம்பட்டினத்தில் படகுகள், நாற்பதுக்கு மேல்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவாம்.
ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்
மக்கைப் பலகையில் வைத்தேன்.
கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
அதற்குப் பெயர் 'தகவல் மறைப்பு'.
திருப்பி, வெளியே பார்க்க வைத்தேன்.
மற்றவை திரும்பி வந்தபோது
அதற்கு மட்டும் இரண்டு விரல் இடம்.

பத்து நாள் கழித்து உலைக்கு அரிசி அளக்கையில்
ஆழாக்கோடு ஏறி வந்தது
அவருடைய ஒற்றைச் சாக்ஸ்.