நட்டநடுவில் நின்ற முள்

கடலூர் முதுநகர், மூடிப்போன ஐஸ் கம்பெனிக் கொட்டகை.
தார்ப்பாயை இழுத்துக் காட்டினார் சேவியர்ராசு.
கரும்பச்சைக் காண்டசா,
ஆயிரத்தெண்ணூறு சி.சி., ஐந்து கியர்.
பானெட்டைத் திறக்கவில்லை மனிதர்.
ஸ்டார்ட் செய்து
ஆயில் பிரஷர் மீட்டரின் கண்ணாடியைத் தட்டினார்:
"நட்டநடுவுல நிக்குது பாருங்க மேடம்.
எட்டு வருசமா ஆடல, அசையல."

நான் தணிக்கைத் துறை.
எட்டு வருடம் ஒரே இருப்பைக் காட்டும் பேரேடு கிடைத்தால்
ஒரு கிராமத்தையே கூட்டி விசாரிப்பவள்.
அன்றைக்கு விசாரிக்கவில்லை.
அன்றைக்கு எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது.

பெண்ணையாற்றுப் பாலத்தில் மூன்றாவது கியர்.
அது போட்ட சத்தத்தில்
கைப்பிடிச் சுவரில் இருந்த கொக்குகள் கிளம்பிப் போயின.
முள் நடுவில்.
ரெட்டிச்சாவடி தாண்டி நூற்றுப் பத்து.
முள் நடுவில்.
முள்ளோடை பங்கில் வரிசை.
எஞ்சினை அணைத்துவிட்டு
விசிறிக்காகச் சாவியை மட்டும் திருப்பி வைத்தேன்.
ஒரு பிஸ்டன் அசையவில்லை,
ஒரு சொட்டு ஆயில் நகரவில்லை.
முள் நிதானமாக எழுந்து வந்து
நடுவில் நின்றது.

இஞ்ஞாசியின் ஷெட் முத்தியால்பேட்டையில்.
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே,
இப்போதும் என்னிடம் சண்டை போடும் உரிமை உண்டு அவனுக்கு.
டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்தவன்
வெளியே நீட்டிய உள்ளங்கையில்
கொத்தமல்லி விதையளவு ஒரு ரெசிஸ்டர்,
வயிற்றில் மூன்று வண்ணக் கோடு.
"இதைத்தான் இத்தனை நாளா படிச்சிட்டு வந்திருக்க."

புது சென்சார், புது ஒயர்.
அதையும் நம்பாமல்
செப்புக் குழாய் வைத்த மீட்டரை பிளாக்கில் முறுக்கி
இரண்டையும் ஒத்துப் பார்த்தோம்.
காலைக் குளிரில் அறுபது பவுண்டு.
எனக்கு வாயெல்லாம் பல்.
"சிரிக்காத. ஆயில் பாகு மாதிரி கெட்டியா இருக்கு,
சந்துக்குள்ள போகமாட்டேங்குது, அந்த முட்டல்தான் அறுபது.
சூடாகட்டும்."

சூடானது.
மூவாயிரம் சுற்றில் நாற்பத்திரண்டு.
மரப்பாலம் சிக்னலில் சும்மா நிற்கையில்
பன்னிரண்டு.

ரத்த அழுத்த மாத்திரை விழுங்கும் எனக்கு
ஏறினால் பயப்படத்தான் பழக்கம்.
இறங்குவதற்கு நடுங்குவது புதிது.
பின்னால் டெம்போ ஹாரன் அடிக்கிறது,
முன்னால் ஒருவன் நெத்திலிக் கூடையோடு குறுக்கே போகிறான்,
நான் ஆயிலின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது கைக்கணக்கு.
தொள்ளாயிரத்துக்குப் பன்னிரண்டு,
கடன் இல்லை, மிச்சம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை.
பச்சை விழுந்ததும் காலை அழுத்தினால்
முள் மேலே வருகிறது,
கூப்பிட்டதும் வருகிற பிள்ளை மாதிரி அல்ல,
சம்பளத்துக்கு வருகிற ஆள் மாதிரி.

சேவியர்ராசுவுக்குப் போன் போட்டேன், கடுமையாகவே.
மோசடி என்ற சொல்லை நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"ஒவ்வொரு சிக்னல்லயும் அது விழும் மேடம்.
ராத்திரி கண்ண மூடுனாலும் விழும்.
என் தம்பி எலக்ட்ரீசியன், ஏதோ பண்ணி நிறுத்திக் குடுத்தான்.
என்ன பண்ணான்னு நான் கேக்கல.
அதுக்கப்புறம் நல்லா தூங்குனேன்."

கேட்காமல் இருந்தது அவர் மட்டுமா என்று
ஷெட் வாசலில் நின்று யோசித்தேன்.
அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க
தண்ணீர் தேவைப்பட்டது.

ரெசிஸ்டர் என் ஆபீஸ் டிராயரில்,
குண்டூசி டப்பாவுக்குள் இருக்கிறது.
மறுபடி மாட்டிக்கொள்ள இஞ்ஞாசிக்குப் பத்து நிமிடம் போதும்.
தெரியும் எனக்கு.

டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.
பென்சிலில், இன்றைய பதிவு:
மரப்பாலம். மாலை ஆறு இருபது. நல்ல சூடு.
பதினொன்று.